ஒரே அச்சு, பல ஊர்கள்

ஆட்டையாம்பட்டி என்றவுடன் சேலம், நாமக்கல் பகுதிகளில் வாழ்வோர்க்கு முதலில் நினைவுக்கு வருவது கை முறுக்கு. முறுக்குப் பிழியும் அச்சுக்கு அங்கே வேலையில்லை. பிசைந்த மாவை விரல்களாலேயே திரித்துச் சுற்றுவார்கள். ஆகையால் ஒருவர் சுற்றிய முறுக்கைப் போல மற்றொருவர் சுற்றிய முறுக்கு இருப்பதில்லை. பழகிய கண்கள் இஃது இன்னார் கை என்று சொல்லிவிடும். ஆனால், மாணவ நண்பர்களே, இன்று நான் பேச வந்தது முறுக்கைப் பற்றி அன்று, அச்சைப் பற்றி. ஒரே அச்சிலிருந்து பிறந்த பொருள்களும் ஊருக்கு ஊர் வேறுபடுமா? வேறுபட்டால், அவற்றுள் ஒன்றை மட்டும் உண்மை என்றும் ஏனையவற்றைப் போலி என்றும் கூறலாமா? இந்தக் கேள்வியை என்னிடம் கொண்டுவந்தவை இரண்டு பொம்மைகள்.

சென்ற பொங்கல் விடுமுறையில் ஆட்டையாம்பட்டியில் உள்ள என் தமக்கையார் வீட்டிற்குச் சென்றிருந்தேன். திண்ணையில் என் மருமகனும் அவன் நண்பனும் உரத்த குரலில் வாதிட்டுக் கொண்டிருந்தார்கள். இருவருக்கும் முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். நண்பனின் குடும்பத்தார் நாமக்கல்லில் லாரிகளுக்குக் கூண்டு கட்டும் பட்டறை நடத்துகிறவர்கள். இருவர் நடுவிலும் உள்ளங்கைக்குள் அடங்கும் இரண்டு சிறிய கார்கள் இருந்தன. வடிவில் அவை இரட்டைப் பிள்ளைகள். நிறத்தில் வேறு வேறு. ஒன்று நண்பன் சிங்கப்பூரிலிருந்து தருவித்தது. மற்றொன்று என் மருமகனுக்கு அவன் தந்தையார் வாங்கித் தந்தது. லாரி ஓட்டுநராக இருந்த அவர், 1990களில் பம்பாய்க்குச் சரக்கேற்றிச் சென்று திரும்பிய ஒரு நடையில் அதை வாங்கி வந்தார். அவர் இப்போது இல்லை.

"மாமா, இவன் என்னுடையதைப் போலி என்கிறான்" என்றான் மருமகன். அவன் குரலில் சினத்தைவிட வருத்தமே மிகுந்திருந்தது. தந்தையார் ஏமாந்து வாங்கிவிட்டார் என்று சொன்னது போலாகுமன்றோ!

நண்பன் தன் வழக்கை ஒழுங்காகவே எடுத்துரைத்தான். "ஐயா, நீங்களே பாருங்கள். அமெரிக்கப் பட்டியலில் இந்த நிறத்தில் இப்படி ஒரு கார் கிடையாது. இரண்டாவது, மூட்டுகள் தளர்ந்து ஆடுகின்றன. மூன்றாவது, இந்தத் தோள் மூட்டில் இரும்புக் கம்பி இருக்கிறது. எந்த நாட்டுத் தொழிற்சாலையில் இப்படிக் கம்பி வைப்பார்கள்?" குற்றச்சாட்டுகள் மூன்று. அன்று என்னால் உடனே விடை கூற இயலவில்லை. பின்னர்ப் படித்தும், அறிந்தோரிடம் கேட்டும் தெரிந்துகொண்டதை இங்கே கூறுகிறேன்.

முதலில் இந்தப் பொம்மை எத்தகையது என்று பார்ப்போம். காராகவோ, லாரியாகவோ, விமானமாகவோ இருக்கும் பொம்மையைச் சில திருப்பங்களில் எந்திர மனிதனாக மாற்றிவிடலாம். வண்டியின் முகப்பு மார்பாகும், பின்புறம் கால்களாகும், கதவுகள் தோள்களாகும். எதையும் கழற்ற வேண்டுவதில்லை. எதையும் புதிதாகச் சேர்க்க வேண்டுவதும் இல்லை. நீங்கள் சிறு வயதில் ஒரே தாளை மடித்துக் கப்பலாக்கி, பிறகு அதையே கத்திக் கப்பலாக்கி விளையாடியிருப்பீர்கள். அதே தத்துவந்தான் இங்கும். தாளில் மடிப்பு செய்யும் வேலையைப் பிளாஸ்டிக்கில் கீல்களும், சுழல் அச்சாணிகளும், குண்டு மூட்டுகளும், நழுவும் பள்ளங்களும் செய்கின்றன. ஓர் உறுப்பு இரண்டு உருவங்களுக்கும் பொருந்த வேண்டும். திரும்பும் வழியில் மற்றோர் உறுப்பை இடிக்கவும் கூடாது. கணிதமும் பொறியியலும் கலந்த புதிர் இது.

இந்தப் புதிரைப் பெரிய அளவில் விடுவித்தவர்கள் ஜப்பானியர். தகாரா என்னும் ஜப்பானியப் பொம்மை நிறுவனம் 1974ஆம் ஆண்டில் மைக்ரோமேன் என்ற வரிசையையும், 1980இல் டயாக்ளோன் என்ற வரிசையையும் வெளியிட்டது. டயாக்ளோன் வரிசையில் கார்கள் எந்திர மனிதர்களாக மாறின. ஆனால் அவை உயிருள்ளவை அல்ல. மனிதர் ஏறி ஓட்டும் பொறிகள். ஆகவே ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் உயரமுள்ள சிறிய ஓட்டுநர் பொம்மை ஒன்று உடன் வரும். அதன் பாதங்களில் காந்தம் இருக்கும். காருக்குள் அதற்கென இருக்கையும் இருக்கும். 1983இல் வந்த மைக்ரோ சேஞ்ச் வரிசையிலோ, வீட்டில் புழங்கும் பொருள்களான ஒலிநாடாக் கருவி, நுண்ணோக்கி போன்றவையும், கைத்துப்பாக்கியும் எந்திர மனிதர்களாக மாறின.

அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனத்தார் இவற்றைக் கண்டு உரிமை பெற்று, இரண்டு வரிசைகளையும் ஒன்றாக இணைத்து, 1984இல் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். பெயர்களையும் கதையையும் மார்வெல் என்னும் படக்கதை நிறுவனத்தார் அமைத்துக் கொடுத்தார்கள். அங்கேதான் பெரிய மாறுதல் நேர்ந்தது. மனிதர் ஓட்டிய பொறிகள், வேற்றுக் கோளிலிருந்து வந்த உயிருள்ள எந்திரங்களாயின. உயிருள்ள எந்திரத்துக்கு ஓட்டுநர் எதற்கு? சிறிய ஓட்டுநரை நீக்கிவிட்டார்கள். ஆனால் அச்சை மாற்றவில்லை. ஆகவே அமெரிக்கச் சிறுவர்கள் வாங்கிய கார்கள் பலவற்றுள் யாரும் அமராத இருக்கை ஒன்று அப்படியே இருந்தது. பொம்மை நாடு மாறியதற்கு அந்த வெற்றிருக்கையே சான்று.

எஃகு அச்சைச் செதுக்கி முடிப்பது மிகுந்த பொருட்செலவு பிடிக்கும் வேலை. அந்த அச்சுக்குள் உருகிய பிளாஸ்டிக்கை அழுத்திச் செலுத்தி, ஆறவைத்து எடுப்பது ஒப்பிடுகையில் எளிது. எனவே ஓர் அச்சை வைத்திருப்பவர் அதிலிருந்து இயன்றவரை பல பொருள்களை எடுக்க முயல்வார். நிறத்தை மாற்றினால் போதும். புதிய பாத்திரம் பிறந்துவிடும். 1984ஆம் ஆண்டு வரிசையில் ஸ்டார்ஸ்க்ரீம், ஸ்கைவார்ப், தண்டர்கிராக்கர் என்ற மூன்று போர் விமானங்கள் உண்டு. மூன்றும் ஒரே அச்சு. நிறமும் பெயருமே வேறு. அதே ஆண்டில் பம்பிள்பீ என்ற சிறு கார் மஞ்சளிலும் விற்றது, சிவப்பிலும் விற்றது. கிளிஃப்ஜம்பர் என்ற மற்றொரு காரும் அவ்வாறே இரண்டு நிறங்களிலும் விற்றது. ஆகவே நிறம் மாறியிருக்கிறது என்ற ஒரே காரணத்தால் ஒரு பொம்மையைப் போலி என்றால், அமெரிக்கக் கடைகளில் விற்றவற்றையே பாதி ஒதுக்க நேரிடும். நண்பனின் முதற் குற்றச்சாட்டு இங்கே வலுவிழக்கிறது.

சரி, நாட்டுக்கு நாடு வேறுபாடு ஏன் உண்டாகிறது? காரணங்கள் பல. முதலாவது, சட்டமும் பாதுகாப்பும். ஜப்பானியப் பொம்மைகளில் சிறு ஏவுகணைகளை விசையுடன் பாயவிடும் வில்கம்பிகள் இருந்தன. அமெரிக்காவில், குழந்தைகளின் நலங்கருதி, அவற்றின் வலுவைக் குறைத்தார்கள். வரிசையின் தீயோர் தலைவனாகிய மெகாட்ரான், முதலில் கைத்துப்பாக்கியாக மாறும் பொம்மை. 1989 முதல் அமெரிக்காவில் பொம்மைத் துப்பாக்கிகளின் முனையில் பளிச்சென்ற செம்மஞ்சள் அடையாளம் இருக்க வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. மெய்யான துப்பாக்கி என்று எண்ணிக் காவலர்கள் சுட்டுவிடக் கூடாதன்றோ! 1993இல் வந்த மெகாட்ரான் துப்பாக்கியாக மாறவில்லை, டாங்கியாக மாறியது.

இரண்டாவது, பெயரும் சுவையும். நல்லோர் தலைவனான லாரிக்கு அமெரிக்காவில் ஆப்டிமஸ் பிரைம் என்று பெயர். ஜப்பானில் அதே லாரிக்குக் கான்வாய் என்று பெயர். ஜப்பானில் பிறந்த பொம்மை, அமெரிக்கக் கதையைச் சுமந்துகொண்டு, 1985இல் தன் தாய்நாட்டுக்கே டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்ற புதுப் பெயருடன் திரும்பியது என்பதும் நினைவில் வைக்கத்தக்கது.

மூன்றாவது, வாணிபச் சுவர்கள். 1980களில் பிரேசில் நாடு வெளிநாட்டு நுகர்பொருள்களின் இறக்குமதியைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியிருந்தது. ஆகவே அந்நாட்டின் எஸ்ட்ரேலா நிறுவனம் உரிமை பெற்று அங்கேயே பொம்மைகளைச் செய்தது. வேறெங்கும் காணாத நிறங்கள் அங்கே தோன்றின. இத்தாலியில் விற்பவர் வேறு, பெட்டி வேறு. இன்று உலகெங்குமுள்ள சேகரிப்பாளர்கள் இத்தகைய நாட்டு வேறுபாடுகளைத் தேடித் தேடி வாங்குகிறார்கள். ஒரு காலத்தில் குறை என்று எண்ணப்பட்ட நிறமே இன்று விலையைக் கூட்டுகிறது.

இனி நம் நாட்டிற்கு வருவோம். 1946ஆம் ஆண்டில் சென்னைத் திருவொற்றியூரில் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை என்பவர் ஒரு சிறு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கினார். அந்தப் பலூன் தொழிலே மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரியாக வளர்ந்து, எம்.ஆர்.எஃப். என்ற பெயரில் டயர்களுக்குப் புகழ் பெற்றது. குழந்தைகளின் பலூனில் தொடங்கிய நிறுவனம், நாற்பது ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் குழந்தைகளிடமே வந்தது. ஹாஸ்ப்ரோவுடன் கூட்டுச் சேர்ந்து ஃபன்ஸ்கூல் என்ற பொம்மை நிறுவனம் 1987இல் தோன்றியது. அயல்நாட்டு அச்சுகளைக் கொண்டு இந்தியாவிலேயே பொம்மைகள் செய்யப்பட்டன. குறிப்பாக அது வெளியிட்ட ஜி.ஐ. ஜோ என்னும் போர்வீரர் பொம்மைகளில், அமெரிக்காவில் இல்லாத நிறச் சேர்க்கைகள் இருந்தன. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இன்று அவற்றை விரும்பித் தேடுகிறார்கள். உருமாறும் பொம்மைகளும் அதே நிறுவனத்தின் வழியாக இந்தியக் கடைகளுக்கு வந்தன.

அக்காலத்தில் நுகர்பொருள் இறக்குமதிக்கு இந்தியாவிலும் கடுமையான தடைகள் இருந்தன. அளவுக் கட்டுப்பாடுகளில் எஞ்சியவற்றை அரசு 2001 ஏப்ரலில் நீக்கியது. அதன்பின் வெளிநாட்டுப் பொம்மைகள் பெருகி வந்தன. பின்னர்க் காற்று மறுபடியும் திசை மாறியது. பொம்மைகளின் மீதான இறக்குமதி வரி 2020இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 விழுக்காடாகவும், 2023இல் 70 விழுக்காடாகவும் உயர்த்தப்பட்டது. 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு இந்தியத் தர நிர்ணய முத்திரையும் கட்டாயமாயிற்று.

இதைப் பற்றியும் திண்ணையில் வாதம் நடந்தது. "பணம் இருந்தும் நினைத்த பொம்மையை வாங்க முடியவில்லை, வரியைச் சேர்த்தால் பொம்மை விலையைவிடக் கூடுதலாகிறது" என்பது நண்பனின் முறையீடு. மருமகன் வேறு விதமாக எண்ணினான்: "சுவர் இருந்ததால்தான் இங்கே செய்தார்கள். இங்கே செய்ததால்தான் லாரி ஓட்டுநராகிய என் அப்பாவின் கைக்கு எட்டும் விலையில் ஒன்று கிடைத்தது. சிங்கப்பூர்ச் சரக்காக இருந்தால் அவர் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு வந்திருப்பார்." இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. கிடைப்பது எது, கிடைக்காதது எது என்பதைக் குழந்தையின் ஆசை முடிவு செய்வதில்லை. வரியும், உரிமமும், கடைக்காரரின் துணிவும், தந்தையின் சட்டைப்பையும் சேர்ந்து முடிவு செய்கின்றன.

இரண்டாவது குற்றச்சாட்டு, மூட்டுத் தளர்வு. இதற்கும் விளக்கம் உண்டு. உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் ஆறும்போது சிறிது சுருங்கும். எவ்வளவு சுருங்கும் என்பது பிளாஸ்டிக்கின் வகையையும், ஆறவைக்கும் முறையையும் பொறுத்தது. ஒரு வகைப் பிளாஸ்டிக்குக்கெனச் செதுக்கிய அச்சில் வேறொரு வகையை வார்த்தால், ஆணியும் துளையும் முன்போல இறுகப் பொருந்தா. ஆயிரக்கணக்கான முறை வார்த்துத் தேய்ந்த அச்சில் ஓரங்களில் பிசிறும் தோன்றும். மேலும், முப்பது ஆண்டுகள் ஒரு சிறுவனின் கையிலும், பிறகு அவன் மகனின் கையிலும் புரண்ட மூட்டு தளராமல் என்ன செய்யும்! ஆகவே தளர்வு போலியின் அடையாளமாகவும் இருக்கலாம். பயணத்தின் அடையாளமாகவும் இருக்கலாம். அதைக் கொண்டு மட்டும் தீர்ப்பு வழங்குதல் முறையன்று.

அதற்காகப் போலிகளே இல்லை என்று நான் கூறவில்லை. இப்பொம்மைகள் புகழ் பெற்ற உடனேயே போலிகளும் பெருகின. அவற்றிலிருந்து பிரித்தறிவதற்காகவே 1985இல் ஹாஸ்ப்ரோ ஓர் உபாயம் செய்தது. பொம்மையின் மேல் சிறு கறுப்புச் சதுரம் ஒன்றை ஒட்டினார்கள். விரலால் தேய்த்தால் அந்தச் சூட்டில் நிறம் மாறி, நல்லோர் அணியின் சின்னமோ தீயோர் அணியின் சின்னமோ தெரியும். பொம்மையின் அடியில் பொறித்த எழுத்துகளும் ஒரு சான்று. ஆனால் அங்கும் ஓர் எச்சரிக்கை தேவை. அங்கே காணும் ஆண்டு பெரும்பாலும் வடிவத்தின் உரிமை பதிவான ஆண்டே; பொம்மை வார்க்கப்பட்ட ஆண்டு அன்று. ஆகவே பழைய ஆண்டைக் கண்டு பழைய பொம்மை என்று முடிவு கட்டுபவர் ஏமாறுவார்.

மருமகனின் காரைக் கவிழ்த்து, என் படிக்கும் கண்ணாடியையே பூதக் கண்ணாடியாக்கிப் பார்த்தோம். அந்நிய நிறுவனத்தின் பெயரும், இந்தியாவில் செய்யப்பட்டது என்ற குறிப்பும் பொடி எழுத்துகளில் இருந்தன. நண்பன் சற்று மௌனமானான். ஆயினும் விட்டுக்கொடுக்கவில்லை. "இந்தியாவில் செய்தது என்றால், அசல் எப்படி ஆகும், ஐயா? அசல் ஜப்பானில் அல்லவா?" என்றான்.

நான் அவனையே ஒரு கேள்வி கேட்டேன். "உங்கள் பட்டறைக்கு லாரி எப்படி வருகிறது, தம்பி?" அவன் சிரித்துக்கொண்டே கூறினான்: "அடிச்சட்டமும் எஞ்சினுந்தான் கம்பெனியிலிருந்து வரும், ஐயா. கூண்டும் உடலும் நாங்கள் கட்டுவோம்." நாமக்கல்லில் கட்டிய லாரிக்கு என்று ஒரு முகம் உண்டு, பஞ்சாபில் கட்டிய லாரிக்கு வேறு முகம் உண்டு. திருச்செங்கோட்டிலோ அதே போன்ற வண்டியின் மேல் ஆழ்துளைக் கிணறு தோண்டும் பொறியை ஏற்றிவிடுகிறார்கள். "அப்படியானால் நீங்கள் கட்டும் லாரி போலி லாரியா?" என்றேன். அவன் பதில் கூறவில்லை. கையிலிருந்த சிறிய காரை மீண்டும் ஒருமுறை புரட்டிப் பார்த்தான். லாரிகளுக்கு ஊர் முகம் கொடுத்து வாழ்கிற ஒருவன், பொம்மைக்கு ஊர் முகம் இருப்பதைக் குற்றம் என்று எப்படிச் சொல்வான்?

இது புதிய செய்தியும் அன்று. கொலுப் பொம்மைகளைப் பாருங்கள். ஒரே அச்சில் எடுத்த மண் உருவம், வண்ணம் தீட்டுபவரின் கைக்கேற்ப ஊருக்கு ஊர் வேறு முகம் காட்டும். சென்னபட்டணத்தார் மரத்தைக் கடைந்து அரக்கு வண்ணம் பூசுவார்கள். தஞ்சையில் தலையாட்டிப் பொம்மைகள் செய்வார்கள். ஒவ்வோர் ஊரும் தனக்குக் கிடைத்த மரத்தையும் மண்ணையும் கொண்டே தன் குழந்தைகளை மகிழ்வித்தது. பிளாஸ்டிக் எங்கும் ஒன்றுதானே, எஃகு அச்சும் ஒன்றுதானே, இனி ஊர் வேற்றுமை ஏது என்று நாம் எண்ணினோம். அச்சுக்குள்ளும் ஊர் நுழைந்துவிடுகிறது என்பதைத்தான் இந்தச் சிறு கார் காட்டுகிறது.

மூன்றாவது குற்றச்சாட்டு எஞ்சியிருந்தது: தோள் மூட்டில் இருந்த இரும்புக் கம்பி. அதற்கு எந்த நூலிலும் விடை இல்லை. எங்கள் பேச்சைக் கேட்டுக் காப்பியுடன் வந்த என் தமக்கையார்தாம் விடை கூறினார். "அதுவா? வாங்கி வந்த மாதமே கையை உடைத்துவிட்டு இவன் ஒரே அழுகை. இவன் அப்பா மறுநாள் விடியற்காலையில் லாரி எடுக்க வேண்டும். இரவோடு இரவாக, பழைய சைக்கிள் சக்கரத்துக் கம்பியை அறுத்து உள்ளே செருகிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினார்."

மருமகனுக்கு அது நினைவில்லை. அப்போது அவன் மிகச் சிறுவன். பொம்மையின் தோளை மெல்லத் தூக்கினான், இறக்கினான். அந்த மூட்டு மட்டும் தளரவே இல்லை.

நண்பன் நெடுநேரம் பேசாதிருந்தான். பிறகு, "பட்டறையில் சரியான அளவில் பித்தளை ஆணி கடைந்து தருகிறேன், கம்பியை எடுத்துவிடலாம். விற்கும்போது நல்ல விலை வரும்" என்றான். தவறாகப் பேசியதற்கு ஈடு செய்யும் எண்ணத்துடன்தான் அப்படிக் கூறினான். மருமகன் வேண்டாம் என்று தலையசைத்தான்.

சேகரிப்பாளர்களின் பட்டியலில் அந்தக் கார், பழுது பார்க்கப்பட்டது என்ற வகையில் சேரும், விலையும் குறையும். அவர்கள் கணக்கு அவர்களுக்குச் சரியே. ஆனால், மாணவர்களே, ஒரு பொருளை அசல் என்றோ போலி என்றோ சொல்லுமுன் அது எங்கே பிறந்தது, எந்த வழியாக வந்தது, யார் கையில் என்ன மாறுதல் அடைந்தது என்று கேட்டுப் பாருங்கள். ஜப்பானில் கருக்கொண்டு, அமெரிக்காவில் பெயர் பெற்று, இந்தியாவில் வார்க்கப்பட்டு, பம்பாய்க் கடையில் விலைபோய், ஆட்டையாம்பட்டியில் சைக்கிள் கம்பியால் தோள் பெற்ற அந்தக் காரைப் போல, உங்கள் வீட்டு அலமாரியிலும் ஏதேனும் ஒன்று இருக்கக்கூடும். எடுத்துப் பாருங்கள், அதன் கதையை அறிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.